விடுவிக்கத் தகாத வொம்பாட்

பூர்வீக விலங்கு நலத்துறையிடமிருந்து நோரீன் டக்கெட்டுக்கு வந்த முதல் கடிதம், அவள் ஒரு காட்டு விலங்கை உரிய அனுமதி இல்லாமல் தன் கம்பளிச் சட்டைக்குள் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டியது. அதில் பொய் ஒன்றும் இல்லை. கடிதம் வந்த நேரத்திலும் அது சட்டைக்குள்தான் இருந்தது.

நோரீனுக்கு ஐம்பத்தேழு வயது. டல்லங்கூரா என்ற மலையோர ஊரில் இருபத்தாறு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். சட்டத்தின் மேல் அவளுக்குப் பயம் கிடையாது, மரியாதை உண்டு. ஆளரவமே இல்லாத முக்கிலும் நிறுத்தக் கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். ஜூலை மாதக் குளிரில் ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலிப் பேருந்தோடு வந்துகொண்டிருந்தபோது, ஓடைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் நெடுஞ்சாலை நடுவில் ஒரு வொம்பாட் செத்துக் கிடந்தது. பீப்பாய் போன்ற உடம்பு, குட்டைக் கால்கள், மண்ணைத் தோண்டுவதற்கென்றே வளர்ந்த நகங்கள். மரம் ஏற்றிப் போகும் லாரி அடித்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். வண்டியை ஓரங்கட்டி இறங்கினாள். கங்காருவுக்கு இருப்பது போன்ற வயிற்றுப் பையில் குட்டி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து ஏதோ அவள் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

ஒன்றரை ரொட்டி எடை இருக்கும். முடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. தாயை இழுத்துச் சாலையோரப் புல்லில் கிடத்திவிட்டு, குட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கணவன் ராஸ் சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். முப்பது வருடம் குனிந்து குனிந்து ஆட்டு ரோமம் கத்தரித்ததில் முதுகு போய், இப்போது நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதற்கே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறவன்.

"நோரி, உன் வயிறு தானா நகருது."

"வொம்பாட் குட்டி. தாய் அடிபட்டுக் கிடந்துச்சு."

"வேலிக்கு அடியில பொந்து போடுற கூட்டம் அது. எங்கப்பா காலத்துல இதுங்கள சுட்டுத்தான் தள்ளுவாங்க."

"உங்கப்பா உன்னையும் சுடணும்னுதான் சொல்லிட்டிருந்தாரு. தண்ணி சுட வை."

ராஸ் ஒரு தீர்மானம் எடுத்து எழுந்து தண்ணீர் சுட வைத்தான்.

அனாதைக் குட்டி கிடைத்தால் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நோரீன் தொலைபேசியை எடுத்தாள். அவள் செய்த முதல் தவறு அதுதான் என்று ராஸ் பிற்பாடு பலமுறை சொன்னான். எதிர்முனையில் ஏட்ரியன் பெல் என்ற அலுவலர் பேசினார். முப்பத்தைந்து வயதுக்குரிய குரல், சூடும் இல்லாத குளிர்ச்சியும் இல்லாத பக்குவத்தில்.

"கண்டெடுத்த இடம் சொல்லுங்க, நோரீன்." எல்லோரையும் பேர் சொல்லி அழைப்பது துறையின் கொள்கை. நட்பு வளருமாம்.

"நெடுஞ்சாலை. ஓடைப் பாலத்துக்கு முன்னாடி."

"துல்லியமா வேணும். சாலையில இடது பக்கமா, வலது பக்கமா?"

"நடுவுல. வெள்ளைக் கோட்டு மேல."

"ரொம்ப நல்லது. இவ்வளவு துல்லியமா யாரும் சொல்றதில்ல," என்றார் ஏட்ரியன். உண்மையாகவே மகிழ்ச்சியடைந்தது போலிருந்தது.

உரிமம் பெற்ற பராமரிப்பாளர் மூன்று மணி நேரத் தொலைவில் ஒருவர் இருந்தார். அவரிடம் ஏற்கெனவே ஒன்பது குட்டிகள். ஆகவே நோரீனுக்குத் தற்காலிக அனுமதி கொடுத்தார்கள். அதோடு குற்றச்சாட்டுக் கடிதமும் வந்தது, ஏனென்றால் அனுமதி கிடைப்பதற்கு முன் நாற்பது நிமிடம் குட்டி அவள் சட்டைக்குள் இருந்திருக்கிறது. குட்டிக்கு வி-417 என்று எண் கொடுத்தார்கள். பெயரிடுதல், கொஞ்சுதல், கண்ணோடு கண் பார்த்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டும் என்று கீழே தடித்த எழுத்தில் இருந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது குட்டி அண்ணாந்து முகத்தைத்தான் பார்த்தது. நோரீன் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே கொடுத்தாள்.

அடுத்தது பயிற்சி. மாவட்டத் தலைநகரில், துறையின் மண்டபத்தில், இரண்டு நாள். மண்டல ஒருங்கிணைப்பாளர் லொரெய்ன் ஃபேர்வெதர் தொடங்கி வைத்தார். வெள்ளிநிறக் கூந்தலை ஒரு மயிரிழை கூடப் பிசகாமல் வாரியிருந்தார். மேசை மேல் பஞ்சடைத்த பொம்மை வொம்பாட் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இந்த ரெண்டு நாள்ல நீங்க யாரும் ஒரு விலங்கையும் தொடப்போறதில்ல. இந்தப் பயிற்சியோட பெருமையே அதுதான்," என்றார் லொரெய்ன். "பத்து வருஷத்துக்கு முந்தி இந்தத் துறைல வேலை பாத்தவங்க எல்லாரும் விலங்கையே பாத்துட்டிருந்தாங்க. கோப்புங்க அனாதையா கிடந்துது. கேக்க நாதி இல்ல. இப்ப அந்த நிலைமை மாறியிருக்கு. இன்னிக்கு நம்ம மாவட்டத்துல அனாதைக் கோப்புன்னு ஒண்ணுகூடக் கிடையாது."

சிலர் கைதட்டினார்கள். நோரீன் கையைத் தூக்கினாள்.

"மன்னிக்கணும். என் குட்டிக்குப் பால் நேரம். நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா கொடுக்கணும். இங்கயே கொடுத்துக்கலாமா?"

"குட்டி இங்க இருக்கா?"

"பையில இருக்கு."

லொரெய்னின் முகம் மாறியது. மண்டபத்துக்குள் உயிருள்ள விலங்குகளுக்கு அனுமதி இல்லை. நோரீன் வாகன நிறுத்தத்துக்குப் போய், காரில் சூடு போட்டுக்கொண்டு பால் கொடுத்து, குட்டியின் அடிவயிற்றை ஈரப் பஞ்சால் தடவிச் சிறுநீர் கழிக்க வைத்து, வெந்நீர்ப் பையோடு சுருட்டி வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்த அரை மணி நேரத்தில் மண்டபத்தில் நடந்து முடிந்த பாடத்தின் பெயர் 'புட்டிப்பால் கொடுக்கும் முறை'. அவள் வரவில்லை என்று குறித்திருந்தார்கள். சான்றிதழ் வந்தபோது, புட்டிப்பால் கொடுப்பது நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் அவள் தேர்ச்சி பெற்றிருந்தாள்.

"அப்ப யாரு பால் கொடுக்கறது?" என்று ஏட்ரியனைக் கேட்டாள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நீங்க புட்டியை அசையாம பிடிச்சுக்கிட்டு இருங்க. அதுவா வந்து குடிச்சா, அது விலங்கோட செயல். உங்களோடது இல்ல."

அப்படித்தான் வி-417 வளர்ந்தது. நோரீன் எட்டு மாதம் புட்டியை அசையாமல் பிடித்தாள். பிறகு வேரோடு புல் பிடுங்கி வந்து போட்டாள். மண்ணை முகர வைத்தாள். முட்டிபோட்டு உட்கார்ந்து கையால் குழி தோண்டிக் காட்டினாள். பேருந்து ஓட்டப் போகும்போது அவள் நகக்கண்களில் எப்போதும் மண் இருந்தது. ராஸ் மட்டும் துறையின் விதியை மதிக்கவில்லை. குட்டிக்கு அவன் கவுன்சிலர் என்று பெயர் வைத்துவிட்டான்.

"அது பொட்டைக் குட்டியாச்சே... சரி, எதுக்கு அந்தப் பேரு?" என்றாள் நோரீன்.

"நல்லா திங்குது. பகல் பூரா தூங்குது. எழுந்தா கண்ணுல பட்டதையெல்லாம் தோண்டிப் போட்டுட்டு மூடாமப் போயிடுது. வேற என்ன பேரு வைக்கச் சொல்ற?"

மாதம் ஒருமுறை அறிக்கை அனுப்ப வேண்டும். எடை, நீளம், உணவு, எச்சத்தின் வடிவம். கடைசிக் கேள்விக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: உருண்டை, நீளம், கூழ். நோரீன் மூன்றையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'சதுரக் கட்டி' என்று எழுதினாள். வொம்பாட்டின் எச்சம் அப்படித்தான் இருக்கும். டல்லங்கூராவில் நடக்கத் தெரிந்த எவருக்கும் அது தெரியும். அறிக்கை திரும்பி வந்தது. விலங்குகளின் எச்சம் சதுரமாக இருக்க வாய்ப்பில்லை என்றும், பராமரிப்பாளர்கள் மாதிரியைக் கையால் உருமாற்ற வேண்டாம் என்றும் ஒரு குறிப்பு இணைத்திருந்தார்கள்.

நோரீன் ஒரு டப்பாவில் நாலைந்து கட்டிகளைப் போட்டு அனுப்பினாள். இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. துறைக்கு உயிரியல் பொருட்களை அனுப்புவது குற்றம் என்றும், மேற்படி பொருட்கள் பார்வைக்கு உருண்டையாகவே இருந்ததாகவும் அதில் எழுதியிருந்தது. அடுத்த மாதத்திலிருந்து அவள் உருண்டை என்று குறித்தாள். பேனா வைத்த இடத்தில் காகிதம் கிழிந்தது.

கவுன்சிலர் பதினைந்து கிலோவைத் தொட்டபோது கூண்டு பார்க்க ஏட்ரியன் நேரில் வந்தார். நல்ல உயரம், பளபளக்கும் பூட்ஸ், கையில் படிவம் செருகிய எழுத்து அட்டை. கொல்லையில் நோரீனும் ராஸும் அமைத்திருந்த அடைப்பைச் சுற்றி வந்தார்.

"தரைக்கு அடியில கம்பி வலை போடணும், நோரீன். விலங்கு தோண்டிக்கிட்டு வெளிய போயிடக் கூடாது."

"தோண்டுறதுதான் அதோட பொழப்பு."

"புரியுது. ஆனா கூண்டு விதி அப்படி."

வலை போட்டார்கள். வலை மேல் இரண்டு விரற்கடை மண். ராஸ் மூன்று நாள் படுக்கையில் கிடந்தான். அடுத்த தடவை ஏட்ரியன் விடுவிப்புத் தகுதிப் பட்டியலோடு வந்தார். முதல் வரி: விலங்கு ஒரு மீட்டர் ஆழத்துக்குப் பொந்து தோண்டியிருக்க வேண்டும்.

நோரீன் பட்டியலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "வலையத் தாண்டி அது எப்படி ஒரு மீட்டர் தோண்டும்?"

"தோண்ட முடியாது. தோண்டினா கூண்டு தகுதி இழந்துடும்."

"தோண்டலைன்னா?"

"விலங்கு தகுதி இழந்துடும்."

"அப்ப ரெண்டுல எது நடந்தா நல்லது?"

"அது ரெண்டும் வேற வேற பிரிவு, நோரீன்," என்றார் ஏட்ரியன் பொறுமையாக. "நான் கூண்டுப் பிரிவு. இன்னிக்கு மட்டும் விடுவிப்புப் பிரிவுக்காகவும் வந்திருக்கேன், ஆள் பத்தாதுன்னு."

"அப்ப உங்களுக்குள்ளயே ஒரு தடவ பேசிப் பாருங்களேன்," என்றான் ராஸ், படியில் உட்கார்ந்தபடி.

ஏட்ரியன் சிரிக்கவில்லை. எழுத்துப்பூர்வமாகக் கேட்கிறேன் என்றார்.

இதற்கிடையில் கவுன்சிலருக்கு ஒன்றரை வயது தாண்டி, குணம் மாற ஆரம்பித்திருந்தது. முன்பெல்லாம் நோரீன் கால் சத்தம் கேட்டால் ஓடிவரும். இப்போது முதுகைக் காட்டி நின்றது. ஒரு நாள் புல் போட உள்ளே போனவளின் கணுக்காலைக் கடித்து, வாசலை நோக்கி முட்டித் தள்ளியது. நோரீன் நொண்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். ரத்தத்தைக் கழுவும்போது சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணும் கலங்கியிருந்தது.

"வேண்டாம்னு சொல்லிடுச்சு, ராஸ். காட்டுக்குத் தயாராயிடுச்சு."

அவளுக்கும் அதற்கும் இடையே முடிந்துவிட்டது. துறைக்கு மட்டும் முடியவில்லை. மனிதர்களைக் கண்டு விலகும் இயல்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு தேர்வு வைக்க வேண்டும். அதைப் பிப்ரவரி மாதக் கோடையில் ஒரு முற்பகல் பதினொரு மணிக்கு வைத்தார்கள்.

"வொம்பாட் ராத்திரியிலதான் நடமாடும். இந்த வெயில்ல செத்த மாதிரி தூங்கும்," என்றாள் நோரீன்.

"அலுவலக நேரம் ஒன்பதுலேர்ந்து அஞ்சு வரைக்கும்."

ஏட்ரியன் அடைப்புக்குள் மடக்கு நாற்காலி போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்தார். கவுன்சிலர் மரப்பெட்டிக்குள் மல்லாந்து, நாலு காலையும் விரித்துத் தூங்கியது. நடுவில் ஒருமுறை குறட்டை விட்டது. அவர் எழுதினார்: 'மனிதர் அருகில் இருந்தும் அச்சமின்மை. செயலற்ற நிலை. தேர்ச்சி இல்லை.'

இரண்டாவது தேர்வு மார்ச்சில் வந்தது. இந்தத் தடவை நோரீன் பெட்டியைத் தட்டி எழுப்பிவிட்டாள். தூக்கம் கலைந்த கவுன்சிலர் வெளியே வந்து, நாற்காலியையும் அதில் இருந்த அலுவலரையும் ஒரு கணம் பார்த்தது. பிறகு இருபத்திரண்டு கிலோ எடையோடு அவர் முழங்காலில் போய் மோதியது. நாற்காலி மடங்கியது. அதில் இருந்தவரும் கூடவே மடங்கினார். விழுந்த நிலையிலேயே அவர் அட்டையை எட்டி எடுத்தார். 'மனிதர் மீது வன்மம். பொதுமக்கள் பாதுகாப்புக்குக் குந்தகம். தேர்ச்சி இல்லை.'

"தூங்கினாலும் தப்பு, இடிச்சாலும் தப்பு. அது என்னதான் செய்யணும்?" நோரீனின் குரல் உயர்ந்திருந்தது.

ஏட்ரியன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "உரிய அளவு அலட்சியம் காட்டணும்."

"அதுக்கு உங்க அலுவலகத்துல வேலைக்குச் சேத்துக்கங்க," என்றான் ராஸ்.

ஏப்ரலில் கடிதம் வந்தது. இரண்டு தேர்விலும் தவறியதால் வி-417 விடுவிக்கத் தகாத விலங்கு என்று வகைப்படுத்தப்படுகிறது. தவிர, விதிப்படி கண்டெடுத்த இடத்திலேயேதான் விலங்கை விட வேண்டும். இந்த விலங்கு கண்டெடுக்கப்பட்டது நெடுஞ்சாலையின் வெள்ளைக் கோட்டின் மீது என்பதால், போக்குவரத்துத் துறை அங்கு விட ஒப்புதல் தரவில்லை. ஆகவே ஜூன் பத்தொன்பதாம் தேதி துறையின் மருத்துவர் வந்து வலியில்லாத கருணை முடிவை நிறைவேற்றுவார். அன்று பராமரிப்பாளர் வீட்டில் இருக்க வேண்டும். நாய் இருந்தால் கட்டிவைக்கவும்.

நோரீன் அதை நின்றபடியே மூன்று தடவை படித்தாள். அன்று மாலை நிறுத்தக் கோட்டில் நிற்காமல் போனாள். இத்தனை வருடத்தில் முதல்முறை.

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். செய்தாள். ஜூன் முதல் வாரத்தில், மாவட்டத் தலைநகரில் மூன்று பேர் கொண்ட குழுவின் முன் அவளை உட்கார வைத்தார்கள். நடுவில் லொரெய்ன் ஃபேர்வெதர். தீர்ப்பில் கையெழுத்துப் போட்டதும் அவர்தான்.

"நீங்க போட்ட தீர்ப்ப நீங்களே விசாரிக்கலாமா?"

"இந்தத் தீர்ப்பப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்சவங்க துறையில யாரும் இல்ல, நோரீன். உங்களுக்கு மூணு நிமிஷம்."

நோரீன் வீட்டில் எழுதிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஆனால் காகிதத்தைப் பார்க்கவில்லை. "அது ஆரோக்கியமா இருக்கு. நல்லா மேயுது. தோண்டுது, நீங்க விட்டா. என்னையே கிட்ட சேக்கிறதில்ல. காட்டுல இருக்க வேண்டிய ஒண்ணுக்கு வேற என்ன வேணும்? எங்க நிலம் ஓடைக்கரை வரைக்கும் போகுது. அங்க விடறேன். ஒரு கையெழுத்துதான் கேக்கறேன்."

பேசி முடித்தபோது இரண்டு நிமிடம் மிச்சம் இருந்தது. குழுவில் மற்ற இருவரும் கடிகாரத்தைப் பார்த்து, அந்த இரண்டு நிமிடமும் முடியும்வரை அமைதியாகக் காத்திருந்தார்கள். பிறகு லொரெய்ன் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"எங்களுக்கும் விலங்குங்க மேல அன்பு இருக்கு. ஆனா ஒரு குட்டிய சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு வளக்கறவங்களுக்கு அந்த ஒரு குட்டிதான் தெரியும். நாங்க சராசரி மேல அன்பு வெச்சிருக்கோம். அது இன்னும் கஷ்டம். நீங்க விட்ட விலங்கு காட்டுல போய்ச் செத்தா, அது எங்க அறிக்கையில தோல்வி. நாங்களே கருணையோட முடிச்சா, அது நலன் சார்ந்த நிறைவு. போன வருஷம் நம்ம மாவட்டத்தோட நிறைவு விகிதம் நூத்துக்குத் தொண்ணூத்திநாலு. இந்தத் துறை ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி ஒரு வருஷம் இல்ல."

"அந்தத் தொண்ணூத்திநாலுல எத்தனை உயிரோட காட்டுக்குப் போச்சு?"

லொரெய்ன் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் லொரெய்னுக்கு மறுபக்கம் இருந்தவரைப் பார்த்தார்.

"அதைத் தனியா எண்றதில்ல," என்றார் லொரெய்ன்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. காரில் உட்கார்ந்து நோரீன் வெகு நேரம் வண்டியைக் கிளப்பவில்லை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். பக்கத்துக் காரில் ஒரு பெண்மணி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். யாரைத் திட்டுவது என்பதே விளங்கவில்லை. யாரும் அவளிடம் குரல் உயர்த்தவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை, எல்லோரும் பேர் சொல்லி அழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது ராஸ் கொல்லைப் புல்லில் மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் கம்பி வெட்டும் குறடு. அடைப்பின் தரையில் வலை ஒரு மூலையிலிருந்து உரித்துச் சுருட்டப்பட்டிருந்தது. வேலிக்கு அடியில் ஒரு பெரிய துளை. ஓடை வரை புல்லில் ஒரு தடம்.

"எழுந்திருக்க முடியல," என்றான் ராஸ் வானத்தைப் பார்த்தபடி. "தோண்டத் தெரியுமான்னு பாக்கணும்னாங்களே. பாத்தேன். தெரியுது."

நோரீன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்துக்குப் பிறகு அவன் முதுகுக்குக் கீழே கை கொடுத்து எழுப்பினாள். இருவரும் ஓடைக்கரைச் சரிவு வரை நடந்து பார்த்தார்கள். மேட்டில், வேர்களுக்கு நடுவே, புது மண் குவிந்திருந்தது. துளைக்குள்ளிருந்து மண் இன்னும் பின்னோக்கி வந்து விழுந்துகொண்டிருந்தது. அவர்களை அது ஏறிட்டும் பார்க்கவில்லை.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பத்தொன்பதாம் தேதி மருத்துவர் வருவார். நோரீன் மறுபடி தொலைபேசியை எடுத்தாள்.

"ஏட்ரியன், ஒரு சந்தேகம். ஒருத்தங்க வீட்டு விலங்கு தப்பிச்சுப் போச்சுன்னா?"

"அது தப்பியோட்டம். குழு வந்து பொறி வெச்சுப் பிடிக்கும். பிடிச்சதும் தீர்ப்ப நிறைவேத்துவாங்க."

"அவங்களே விட்டிருந்தா?"

"அனுமதியற்ற விடுவிப்பு. குழு வந்து பிடிக்கும். தீர்ப்ப நிறைவேத்துவாங்க. கூட அவங்க மேல வழக்கு."

"அப்ப இந்தக் கோப்ப வேற எப்படித்தான் மூடறது? நீங்களே சொல்லுங்க. எந்த வழியும் இல்லையா?"

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம். "பதினொன்றாம் படிவம் இருக்கு."

"அது என்ன?"

"மரணம்," என்றார் ஏட்ரியன். "ஒரே பக்கம்தான். இணைப்பு எதுவும் வேண்டாம்."

விடுவிப்புக்கான படிவம் முப்பத்தொரு பக்கம். பதினொன்றாம் படிவத்தில் மூன்றே கேள்விகள். நோரீன் அதை மேசையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் சுற்றிச் சுற்றி வந்தாள். தன் வயதைக்கூடக் குறைத்துச் சொல்லாதவள். தேதி என்ற இடத்தில் கவுன்சிலர் துளை போட்டு வெளியேறிய தேதியை எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'உங்கள் கடிதம்' என்று எழுதினாள். உடல் இப்போது எங்கே என்ற கேள்விக்கு 'மண்ணுக்குள்' என்று எழுதினாள். படித்துப் பார்த்தாள். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வரியும் பொய் இல்லை. சேர்த்துப் பார்த்தால் முழுப் பொய். அனுப்பினாள்.

இரண்டு வருடத்தில் அவள் அனுப்பிய எதையும் துறை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டதில்லை. இதை நாற்பது நிமிடத்தில் ஏற்றுக்கொண்டது. வி-417 இன் மறைவுக்கு ஆழ்ந்த அனுதாபங்கள். எங்கள் சேவையை ஒன்றிலிருந்து ஐந்து நட்சத்திரங்களுக்குள் மதிப்பிடுங்கள்.

செய்தி ஊரில் பரவிவிட்டது. அஞ்சலகத்துப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாரோ ஒரு தட்டு நிறையத் தேங்காய்த் துருவல் தூவிய லாமிங்டன் கேக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நோரீனால் அதைத் தொட முடியவில்லை. ராஸ் ஆறு தின்றான்.

"துக்கம் விசாரிக்க வந்ததத் திங்கறியே, வெக்கமா இல்ல?"

"செத்தவங்க நல்லா இருந்தா சாப்பிடலாம்," என்றான் ராஸ்.

அடக்கம் செய்த இடத்தைச் சரிபார்க்க ஏட்ரியன் ஒரு குளிர்ந்த மதியத்தில் வந்தார். அவர் காரை விட்டு இறங்குவதைப் பார்த்ததுமே நோரீன் வாசலுக்கு விரைந்தாள். வேறு வழி தெரியாமல் ஓடைக்கரைச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மேட்டையும் வாயைத் திறந்துகொண்டிருந்த துளையையும் அவர் பார்த்தார். அட்டையை எடுத்தார்.

"ஆழம் அரை மீட்டருக்குக் குறையக் கூடாது," என்று அளவு நாடாவைத் துளைக்குள் விட்டார். அரை மீட்டர் போயிற்று. ஒன்று, ஒன்றரை, இரண்டு. அப்புறம் எதிலோ இடித்து நின்றது. எதிரே இருந்தது நாடாவை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியது.

ஏட்ரியன் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். "போதுமான ஆழம்."

"ஏட்ரியன், நான் ஒண்ணு சொல்லணும்."

"ஒரு நிமிஷம், நோரீன். முதல்ல நான் தெரிவிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு." அவர் ஒரு காகிதத்தை விரித்து வாசித்தார். "டல்லங்கூராவில் அண்மையில் நிகழ்ந்த வருந்தத்தக்க மரணத்தைத் தொடர்ந்து, வரும் மாதம் முதல் எல்லாப் பராமரிப்பாளர்களும் நாற்பத்திரண்டாம் படிவத்தைக் கூடுதலாகப் பூர்த்தி செய்ய வேண்டும். லொரெய்ன் கையெழுத்து போட்டிருக்காங்க. பதினாறு பக்கம்."

சொல்ல வந்ததை நோரீன் விட்டுவிட்டாள். மாவட்டத்தில் எங்கெங்கோ சட்டைக்குள் குட்டியை வைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் அந்தப் பதினாறு பக்கத்தை எழுதப்போகிறவர்கள் எல்லோரும் வரிசையாக அவள் கண்முன் வந்து நின்றார்கள்.

ஏட்ரியன் தொப்பியைக் கழற்றினார். அடக்க இடத்தில் ஒரு நிமிட மௌனம் என்பது விதி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். நோரீனும் நின்றாள். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து நொடி ஆகியிருக்கும். மேட்டுக்கு அடியில் பரபரவென்று பிறாண்டும் சத்தம் தொடங்கியது. துளையிலிருந்து ஒரு கை மண் வந்து ஏட்ரியனின் பூட்ஸ் மேல் விழுந்தது. பிறகு இன்னொன்று. அவர் அசையவில்லை. நாற்பதாவது நொடியில் உள்ளேயிருந்து ஓர் உறுமல் வந்தது. கணுக்கால்வரை மண் ஏறிய நிலையில் அவர் நிமிடத்தை முடித்தார், தொப்பியை மாட்டிக்கொண்டார், எழுதினார்.

"இங்க ஒரு கையெழுத்து."

நோரீன் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "உங்களுக்குச் சத்தம் கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அப்ப?"

ஏட்ரியன் படிவத்தை மேலிருந்து கீழே ஒருமுறை, பின்பக்கம் ஒருமுறை பார்த்தார். "இதுல சத்தத்துக்குக் கட்டம் இல்ல, நோரீன்."

பூட்ஸில் இருந்த மண்ணை உதறிவிட்டு அவர் சரிவில் ஏறிப் போனார். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் நல்ல மனிதரா, வெறுமனே நல்ல அலுவலரா என்று நோரீனுக்கு அன்றைக்கும் விளங்கவில்லை, அதற்கப்புறமும் விளங்கவில்லை. கார் வாசலைத் தாண்டும்வரை நின்றாள். பிறகு துளைப் பக்கம் திரும்பி, இரண்டு வருடத்து ஆத்திரத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

"ஒரே ஒரு நிமிஷம். சும்மா இருக்க முடியலையா உனக்கு?"